ரோர்க் அவுட் ஆன விதம்

ஸ்கோர் எழுதுகிறவருக்கு ஆட்டம் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் காதுக்கு வந்துவிடும். தலையைக் குனிந்து போன பந்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்து மட்டையில் பட்டுவிடுகிறது. அப்படி என் காதில் தங்கிப்போன சத்தம் ஒன்று உண்டு. ஈரமான மரக்கதவை யாரோ உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டியது போல இருக்கும். கனமான சத்தம், எதிரொலி கிடையாது. ஃபோர்ட் கொச்சி பரேடு மைதானத்துத் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கேட்டேன். அது ரோர்க்கின் மட்டை.

ரோர்க் அயர்லாந்துக்காரர். எழுபதுகளின் நடுவில் மட்டாஞ்சேரியில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனிக்கு டீ டேஸ்டராக வந்தார். தன் நாட்டுக்காகக் கிரிக்கெட் ஆடியவர் என்று அவருக்கு முன்னாலேயே செய்தி வந்திருந்தது. நான் அங்கே ஸ்டெனோ. வரிசையாக வைத்த கோப்பைகளை அவர் ஒவ்வொன்றாக உறிஞ்சித் துப்பிக்கொண்டே போக, அவர் வாயிலிருந்து விழுகிற வார்த்தைகளைச் சுருக்கெழுத்தில் பிடித்தபடி நான் பின்னால் போவேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவள் நான். செய்யுளைக் காதால் பிரித்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் படிப்பு ஒரு டேஸ்டரின் முணுமுணுப்பைப் பிடிக்கத்தான் உதவும் என்று யாரும் சொல்லவில்லை.

எங்கள் கம்பெனி டீமின் கேப்டன் ஷெனாய், கிடங்கு மேனேஜர். பழைய ஸ்கோரர் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனதும் அவர் கண் என் மேல் விழுந்தது. கல்யாணத்தில் மொய் எழுத உட்காரவைக்கப்பட்டவர்கள், பரீட்சை ஹாலில் காவல் நின்றவர்கள், கச்சேரியில் மைக் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வேலை எப்படிப்பட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை. எல்லாம் நமக்கு எதிரேதான் நடக்கும். வீட்டுக்கு வந்து என்ன நடந்தது என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது.

கை தூக்குதல்

முதல் ஞாயிறு. அம்பயர் ஜோசப் மாஷ், பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார். ஒரு பந்து எல்லைக்கோட்டைத் தாண்டியது. மாஷ் கையை இப்படியும் அப்படியும் வீசிவிட்டு, என் கூடாரத்தைப் பார்த்து நின்றார். நான் நான்கு என்று எழுதிவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் இன்னும் நின்றார். மைதானத்தில் பெண் பிள்ளை உட்கார்ந்திருப்பது பிடிக்கவில்லையோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். மறுபடி நிமிர்ந்தால் கை வீசியபடி அதே இடத்தில் நிற்கிறார். பௌலர் பந்தை வேட்டியில் துடைப்பது போல பேன்ட்டில் துடைத்துக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து ஷெனாய் தன் தோளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன்.

அம்பயர் காட்டுகிற ஒவ்வொரு சைகைக்கும் ஸ்கோரர் பதிலுக்குக் கை தூக்க வேண்டும், தூக்கும்வரை அடுத்த பந்து போடக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். எனக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் மாஷ் மைதானத்தைக் குறுக்கே நடந்து கூடாரத்துக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. சின்னப் பெண்களை அவர் கொச்சே என்றுதான் கூப்பிடுவார்.

“கொச்சே, நான் கை காட்டினா நீ கை தூக்கணும். இல்லாட்டி நான் அங்கேயேதான் நிப்பேன். வீட்டுல மீன் வாங்க வேற ஆள் இல்ல.”

நார்ப்பாய்

புல் பிட்ச் எல்லாம் அப்போது எங்களுக்கு வாய்க்கவில்லை. தென்னை நாரில் முடைந்த நீளப் பாயை மண் மேல் விரித்து, சுற்றிலும் இரும்பு ஆணி அறைந்து இழுத்துக் கட்டுவார்கள். ஞாயிறு காலை அந்த ஆணிச் சத்தத்தில்தான் தொடங்கும். பாய் விறைப்பாக இருந்தால் அடிக்கிறவருக்கு நல்லது, தொய்வாக இருந்தால் சுழற்பந்து போடுகிறவருக்கு நல்லது. அதனால் டாஸுக்கு முன்னால் இரண்டு கேப்டன்களும் பாயைச் சுற்றி வந்து, மாப்பிள்ளை வீட்டார் மெத்தையைப் பார்க்கிற மாதிரி, காலால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள். டாஸ் போட்ட பிறகு யாரும் தொடக்கூடாது.

மட்டையடிக்கிறவர் நிற்கும் இடத்தில் பாய் சீக்கிரம் தேயும். நார் பிரிந்து சுருண்டு மேலே எழும்பும். மட்டை கீழே வரும்போது அதை உரசினால் ‘சரக்’ என்று, நமுத்த தீக்குச்சியைக் கிழித்த மாதிரி கேட்கும். பந்து மட்டையின் விளிம்பில் பட்டால் அது வேறு. ‘டிக்’ என்று, பல்லால் நகம் கடித்த மாதிரி சின்ன, சுத்தமான சத்தம். பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். கூடாரத்தில் குனிந்து உட்கார்ந்த எனக்கு ஒரு வருடத்துக்குள் பிரித்துக் கேட்க வந்துவிட்டது.

ரோர்க் நார்ப்பாயை அதற்கு முன் பார்த்ததில்லை. முதல் நாள் அதன் முன்னால் மண்டியிட்டார், உள்ளங்கையால் தடவினார். பிறகு, தொழில் பழக்கம், குனிந்து மோந்து பார்த்தார். எதிர் டீம் மொத்தமும் வேடிக்கை பார்த்தது. ஷெனாய் அவர் பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னதை நான் கேட்டேன்.

“மிஸ்டர் ரோர்க், இதை உறிஞ்சிப் பார்க்க வேண்டாம். மேல நின்னு ஆடினா போதும்.”

அயர்லாந்து எங்கே இருக்கிறது

ஆடினார். முப்பத்தைந்தைத் தாண்டிய உடம்பு, மெதுவான கால், ஆனால் மட்டை நேராக வரும். அந்தக் கதவுத் தட்டல் சத்தம் மதியம் வரை கேட்ட நாட்கள் உண்டு. ஷெனாய்க்குத் தலைகால் புரியவில்லை. சாயிப்பு அயர்லாந்துக்கு ஆடியவர் என்று பஜார் ரோடு முழுக்கச் சொல்லிவைத்தார். வெள்ளைக்காரரைச் சாயிப்பு என்பது இங்கே வழக்கம். மரியாதையும் கேலியும் பாதிப் பாதி கலந்த சொல் அது.

ஆனால் நம்புகிற ஊரா இது? எங்களுக்கு எதிரி டீமின் புரவலர் இப்ராஹிம் சேட், உருளைக்கிழங்கு வெங்காய மொத்த வியாபாரி. கிரிக்கெட்டில் கரை கண்டவர். ரேடியோவில் எந்த நாட்டு ஆட்டம் என்றாலும் கேட்பார். அயர்லாந்து ஆடி ஒரு வர்ணனைகூட அவர் கேட்டதில்லை. சாட்சி இருந்தால் காட்டு என்று ஷெனாயைக் கடைவாசலில் நிறுத்திக் கேட்டார். ஷெனாய் வந்து ரோர்க்கைக் கேட்டார். ஒரு போட்டோ, ஒரு தொப்பி, ஏதாவது? ரோர்க்கிடம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஆட்டங்கள் ஆடினேன், பிறகு கூப்பிடவில்லை என்றார். ஏன் கூப்பிடவில்லை என்றதற்குக் கோப்பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே இருந்த நிறத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அன்றிலிருந்து அது ஷெனாயின் மானப் பிரச்சினையாகிவிட்டது. ரோர்க் பொய் சொல்கிறார் என்று ஆகிவிட்டால், அதை ஊருக்கெல்லாம் சொன்னவர் ஷெனாய். சேட் எதிரில் வந்தால் அவர் சாலையின் மறு பக்கம் போவார். சேட் விடமாட்டார். அங்கிருந்தே சத்தமாகக் கேட்பார்.

“ஷெனாய் சாரே, மழையும் உருளைக்கிழங்கும் உள்ள நாடுன்னு எனக்குத் தெரியும். கிரிக்கெட் அங்க எப்போ முளைச்சுது?”

நடந்து போகிறவர்

ரோர்க்கிடம் ஒரு வழக்கம் இருந்தது. சின்னதாக ஒரு சத்தம் கேட்டு, கீப்பர் பந்தைப் பிடித்துவிட்டால் போதும். அம்பயரைத் திரும்பியும் பார்க்க மாட்டார். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்து வந்துவிடுவார். யாரும் அவுட் கேட்காத நேரத்தில்கூட நடந்து வந்திருக்கிறார். கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதற்கு நான் என்ன செய்தேன் என்பது போல அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

துரைமார் பண்பு என்று எங்கள் ஆட்கள் முதலில் மெச்சினார்கள். ஜெயிக்க வேண்டிய ஆட்டங்கள் அந்தப் பண்பினால் போகத் தொடங்கியதும் மெச்சுவதை நிறுத்தினார்கள். பாய் உரசிய சத்தத்துக்கும் அவர் சிலசமயம் நடக்கிறார் என்பது எனக்குச் சந்தேகம். ஆனால் ஸ்கோரர் வாய் திறக்கக்கூடாது. எழுதினேன். மிகவும் மனம் நொந்தவர் ஜோசப் மாஷ்தான். ஒருநாள் இடைவேளையில் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தண்ணீர் குடித்துவிட்டு, தன் சுட்டுவிரலை நீட்டி, துருப்பிடித்துவிட்டதா என்று பார்ப்பது போலப் பார்த்தார்.

“இவர் ஆடற நாள்ல என்னை எதுக்குக் கூப்பிடறாங்க? ஒரு குச்சியை நட்டு அது மேல இந்தத் தொப்பியை வெச்சா போராதா?”

ஊறுகாய்

இது மைதானத்தில் நடந்ததில்லை. டேஸ்டிங் அறையில் நடந்தது. ஒரு தோட்டத்துத் தேயிலையை ரோர்க் மிகவும் உயர்த்தி மதிப்பிட்டுவிட்டார். ஏலத்துக்கு முந்தின நாள் வாங்குகிறவர்களுக்கெல்லாம் அந்த மதிப்பு போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் அதே தேயிலையை இன்னொரு தரம் ஊற்றச் சொன்னார். உறிஞ்சினார். துப்பவில்லை, அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்து, நேற்று மதியம் ஷெனாய் வீட்டில் மாங்காய் ஊறுகாய் சாப்பிட்டேன் என்றார். டேஸ்டர்கள் வேலை நாளில் ஊறுகாய் தொடுவதில்லை. ஷெனாயின் மனைவி இலையில் வைத்ததை மறுக்க அவருக்குத் தெரியவில்லை. புளிப்பு நாக்கில் உட்கார்ந்து அந்தத் தேயிலையின் புகை நாற்றத்தை மறைத்துவிட்டது.

வேறு டேஸ்டராக இருந்தால் பேசாமல் இருந்திருப்பார். ஏலத்தில் எவ்வளவோ நடக்கும். ரோர்க் டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்குகிறவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு, என் நாக்கு நேற்றுச் சரியில்லை என்று சொன்னார். நெற்றி வியர்த்திருந்தது. தேயிலைக்காக ஒரு மனிதர் இவ்வளவு பயப்படுவாரா என்று நினைத்தேன். எங்கள் பெரிய மேனேஜர் வாசலில் நின்று கடைசி டெலிபோன் வரை கேட்டார்.

“தரகன் தன் வாயாலேயே விலையை இறக்கற அதிசயத்தை, இந்தத் தொழில்ல நான் இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

வெயில்

எங்கள் வீட்டில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. ஞாயிற்றுக்கிழமைதான் பெண் பார்க்க வருவார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்டம். நான் எதை விட்டேன் என்பது இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மா ஒவ்வொரு ஞாயிறு மாலையும் என் முகத்தை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, தயிரும் மஞ்சளும் குழைத்துக்கொண்டே சொல்வாள்.

“ஓடறது அவா. கறுத்துப்போறது நீ.”

பக்கத்து நாற்காலி

தேயிலையும் மிளகும் ஏற்ற வந்த ஒரு சரக்குக் கப்பல், இடம் கிடைக்காமல் துறைமுகத்தில் சும்மா நின்றது. கப்பல்காரர்களுக்குப் பொழுது போகவில்லை, ஒரு ஆட்டம் ஆடலாமா என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த ஆட்டத்திலும் இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு ஸ்கோரர் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓவருக்கு ஓவர் இருவர் கணக்கும் ஒன்றுதானா என்று சொல்லிப் பார்த்துக்கொள்ள வேண்டும். கப்பல் பக்கம் எழுத வந்தவர் அதன் இன்ஜினியர். முழங்காலில் கட்டு, சிவந்த கழுத்து, நல்ல கையெழுத்து. அயர்லாந்துக்காரர்.

சாப்பாட்டு வேளையில் இதைக் கண்டுபிடித்தவர் சேட். வேடிக்கை பார்க்க வந்திருந்த அவர், ஷெனாயையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்து இன்ஜினியர் முன்னால் நின்றார். உங்கள் நாட்டில் கிரிக்கெட் உண்டா என்றார். உண்டு என்றார் இன்ஜினியர். தூரத்தில் தட்டோடு மரத்தடியில் தனியாக நின்றவரைக் காட்டி, இவர் உங்களுக்கு ஆடினாரா என்றார். இன்ஜினியர் எழுந்து, கட்டுப் போட்ட காலோடு இரண்டடி முன்னால் போய்ப் பார்த்தார். ஆமாம், என் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்றார். ஷெனாய் அன்று இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

மதியம் எங்கள் பக்கம் ஆட இறங்கியது. ரோர்க் மட்டையோடு உள்ளே போனபோது இன்ஜினியர் பென்சிலைக் கீழே வைத்தார். மீதியை எனக்கு மட்டும் சொன்னார். ரோர்க் அயர்லாந்துக்கு ஆடிய கடைசி ஆட்டம் அது. கடல் தாண்டி ஒரு டீம் வந்திருந்தது. பந்து ரோர்க்கின் மட்டை விளிம்பில் பட்டது, கீப்பர் பிடித்தார், வேலியோரம் உட்கார்ந்திருந்த கூட்டம் மொத்தமும் அதைக் கேட்டது. இன்ஜினியரும் அந்த வேலியோரத்தில் இருந்தார். அம்பயர் அவுட் கொடுக்கவில்லை. ரோர்க் நகரவில்லை. நின்று ஆடி நாட்டை ஜெயிக்கவைத்தார். ஆட்டம் முடிந்ததும் வந்த டீமின் கேப்டன் அவருக்குக் கை கொடுக்கவில்லை. சின்ன நாடு, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் அதிலும் கொஞ்சம் பேர். பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் கப்பலேறித் தேயிலைக்குப் போய்விட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மாலையில் டீ கொடுக்கும்போது கப்பல் சார்பில் தான்தான் பேச வேண்டும், அப்போது இதையும் சொல்லிவிடப் போகிறேன், பாதி தெரிந்தவர்கள் மீதியையும் தெரிந்துகொள்ளட்டும் என்றார். இதைச் சேட் கேட்டால் இருட்டுவதற்குள் பஜார் ரோடு முழுக்கக் கேட்கும். ரோர்க் அதற்குப் பிறகு எந்த மைதானத்தில் நிற்பார்? எத்தனையோ வருடமாகிவிட்டதே, விட்டுவிடக்கூடாதா என்று கேட்டேன். அவர் பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் பேசியது ஆங்கிலம், தமிழ் என்னுடையது.

“எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்காதவர்கள் இரண்டே பேர், மிஸ். ஒருவர் அம்பயர். இன்னொருவர் இவர்.”

சரக்

அன்று ரோர்க் ஆடியது போல நான் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. மற்றவர்கள் வந்து வந்து போனார்கள். கதவுத் தட்டல் மட்டும் நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டங்கள் எடுத்தால் ஜெயித்துவிடலாம் என்ற நிலை வந்தது. ஷெனாய் எல்லைக்கோட்டில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அப்போது கப்பல் பக்கத்து கோவாக்கார இளைஞன் ஒருவன் பந்து போட்டான். நான் குனிந்திருந்தேன்.

சரக்.

நமுத்த தீக்குச்சி. எனக்குச் சந்தேகமே இல்லை, பாய்தான். நிமிர்ந்தேன். பந்து கீப்பர் கையில் இருந்தது. கப்பல்காரர்கள் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜோசப் மாஷ் இல்லை என்று தலையாட்டிவிட்டார். வழக்கமாக அதற்குள் பாதி தூரம் நடந்து வந்திருக்க வேண்டிய ரோர்க், அன்று மட்டும் நின்றார். ஒரு மூச்சு நேரம். காலடியில் சுருண்டிருந்த நாரைப் பார்த்தார். அம்பயரைப் பார்க்கவில்லை, எங்கள் கூடாரத்தைப் பார்த்தார். பிறகு மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் அவுட் கொடுக்கவில்லை, திரும்பி வாருங்கள் என்று மாஷ் பின்னாலிருந்து கூப்பிட்டார். ரோர்க் தொப்பியைத் தொட்டுக் காட்டிவிட்டு நடையை நிறுத்தாமல் வந்தார்.

இன்ஜினியர் அதற்குள் கேட்ச் என்று எழுதிவிட்டார். என் பென்சில் காகிதத்துக்கு மேலேயே நின்றது. ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவுட் ஆன விதம் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட முடியாது. இரண்டு புத்தகத்திலும் ஒன்றே இருக்க வேண்டும். அது மட்டை இல்லை, பாய் என்று இன்ஜினியரிடம் சொன்னேன். வாழ்க்கையில் நான் தொழில் விதியை மீறி வாய் திறந்தது அந்த ஒரு தடவை. இந்தச் சத்தத்தை நான் முன்னாலும் கேட்டிருக்கிறேன் என்றார் அவர். நார்ப்பாயில் கேட்டதில்லை என்றேன். அவர் நம்பவில்லை. மாஷ் எங்களை நோக்கி வந்தார். அவரும் எனக்கு உதவவில்லை.

“அவன் கேட்டான், நான் இல்லைன்னேன், இவர் போறார். இதுல நான் ஆரு கொச்சே? இவர்கிட்டயே கேட்டு எழுது.”

ரோர்க் கையுறையைக் கழற்றியபடி கூடாரத்தைக் கடந்தார். எழுந்து நின்று, எப்படி எழுதட்டும் சார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்ஜினியரைப் பார்த்து, கீப்பர் பிடித்த கேட்ச், அந்தப் பையன் பெயரையும் எழுதுங்கள் என்றார். எழுதினேன்.

தோற்றோம். மாலையில் டீயும், நேந்திரம்பழத்தில் பஜ்ஜி மாதிரிப் போடுகிற பழம்பொரியும் வந்தன. இன்ஜினியர் பேச எழுந்தார். சேட் முன்வரிசை. ரோர்க் கூட்டத்துக்குப் பின்னால், மரத்தில் சாய்ந்து, ஓடிப்போகாமல் நின்றார். இன்ஜினியர் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னார், வெயிலைப் பற்றி ஒரு வேடிக்கை சொன்னார். அப்புறம் மரத்தடியைப் பார்த்தார். இவர் எங்கள் நாட்டுக்கு ஆடியவர், அவுட் என்றால் நிற்காதவர் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். முதலில் கைதட்டியவர் சேட். மரத்தடியில் ரோர்க் தொப்பியைக் கழற்றி, அதன் உள்ளே எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டார். ஷெனாய் மட்டும் தட்டவில்லை. கையில் பழம்பொரியோடு என் பக்கம் சாய்ந்தார்.

“அயர்லாந்துக்கு ஆடினவர்ங்கறதுல இனி யாருக்கும் சந்தேகமில்ல, ருக்மிணி. நமக்கு ஆடினாரான்னுதான் எனக்குச் சந்தேகம்.”

திங்கட்கிழமை

மறுநாள் டேஸ்டிங் அறை. ஜன்னலுக்கு வெளியே சுக்கு மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ரோர்க் உறிஞ்சினார், துப்பினார், சொன்னார். நான் பின்னால் எழுதிக்கொண்டே போனேன். ஒரு கோப்பைக்கு, வாசல் வரை வந்து உள்ளே வராத தேநீர் என்றார். அப்படித்தான் பேசுவார். நேற்றைப் பற்றிக் கேட்கிற உரிமை எனக்கில்லை. வரிசையின் கடைசிக் கோப்பையை வைத்துவிட்டு, கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அதே குரலில், இன்னொரு தேயிலையைப் பற்றிச் சொல்வது போலவே சொன்னார். பழக்கத்தில் அதையும் சுருக்கெழுத்தில் பிடிக்கப் போய், பாதியில் கையை நிறுத்தினேன்.

“நேற்று பாய்தான், மிஸ். அன்றைக்கு மட்டை.”

அதற்குப் பிறகு பல வருடம் ஸ்கோர் எழுதி நான் கற்றுக்கொண்டது, காதில் கேட்டதை வைத்துக்கொண்டு வாயால் சொன்னதை எழுதுவதற்குத்தான் எங்களுக்குப் பென்சிலைச் சீவிக் கொடுத்து நிழலில் உட்காரவைக்கிறார்கள் என்பது. எண்பதுகளின் தொடக்கத்தில் கம்பெனி கைமாறியதும் ரோர்க் ஊருக்குத் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு அம்பயராக நின்று, அங்கேயே இறந்துபோனார்.